மவுஸால் இழுக்கும் கோட்டைப் புள்ளிகளாகப் பிடித்து வைப்பது: டிகின்டர் கேன்வாஸில் ஒரு செய்முறை

மவுஸை அழுத்தி இழுத்தால் திரையில் கோடு விழ வேண்டும், அவ்வளவுதான் தேவை என்றால் பத்து வரி நிரல் போதும். கையெழுத்தை அடையாளம் காண வேண்டும், ஸ்கேன் செய்த வரைபடத்தில் ஒரு வயலைச் சுற்றிக் கோடு போட்டுப் பரப்பளவு எடுக்க வேண்டும், இன்று வரைந்ததை நாளை திறந்து திருத்த வேண்டும் என்று வரும்போதுதான் திரையில் தெரியும் கோடு எதற்கும் ஆகாது என்பது புரியும். கை போன வழியிலுள்ள புள்ளிகள், போன வரிசையிலேயே, முடிந்தால் நேரத்தோடு வேண்டும். புள்ளிகள்தான் சரக்கு. திரையில் இருப்பது அதன் தோற்றம் மட்டுமே. இரண்டையும் தொடக்கத்திலேயே பிரித்து வைத்தால் பின்னால் வரும் தொல்லைகளில் பாதி வராது.

இங்கே பைதானோடு வரும், விண்டோக்களை அமைக்கும் நூலகமான டிகின்டரை எடுத்துக்கொள்கிறோம். அதன் அடியில் ஓடுவது டிகே, அது டிசிஎல் என்ற மொழியோடு சேர்ந்தது. வரைவதற்கான பரப்புக்கு அதில் கேன்வாஸ் என்று பெயர். விண்டோஸில் பைதானை நிறுவும்போதே அதுவும் வந்துவிடும். உபுண்டு, டெபியனில் மட்டும் பைதான்3-டிகே என்ற பொதியைத் தனியாகப் போட வேண்டியிருக்கும். கட்டளைப் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். நிரலில் வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே அடியுங்கள். நீங்களே வைக்கும் ஃபங்ஷன் பெயர்களும் மாறிகளும் தமிழிலேயே இருக்கலாம். பைதான் 3 அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

கேன்வாஸைத் தயார் செய்வது

கேன்வாஸ் உருவாக்கும்போது ஹைலைட்திக்னஸ், பார்டர்விட்த் இரண்டையும் 0 என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஃபோகஸ் வளையத்துக்காக ஓரத்தில் ஓரிரு பிக்சல் ஒதுக்கப்படும். வரைகிறவருக்கு அது கண்ணில் படாது. ஆனால் பின்னணியில் ஒரு படத்தை வைத்து அதன்மேல் வரையும்போது, படத்தின் பிக்சலும் உங்கள் புள்ளியும் அந்த ஓரிரு பிக்சல் விலகி நிற்கும். எங்கிருந்து வந்த விலகல் என்று தேடி அலைய வேண்டியிருக்கும்.

விண்டோஸில் இன்னொரு காரியத்தை டிகே விண்டோவைத் திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். டிஸ்ப்ளே அளவு 125 அல்லது 150 சதவீதத்தில் இருக்கும் மடிக்கணினிகளில், டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற திரை அடர்த்தி) பற்றித் தனக்குத் தெரியும் என்று சொல்லாத புரோகிராமை விண்டோஸ் சிறியதாக வரைந்து பிறகு பெரிதாக்கிக் காட்டும். கோடு மங்கலாகத் தெரியும். புள்ளிகளும் உண்மையான பிக்சலில் இல்லாமல், சுருங்கிய கட்டத்தில் வந்து விழும். பைதானிலிருந்து விண்டோஸ் நூலகங்களை அழைக்க உதவும் சிடைப்ஸ் வழியாக ஷ்கோர் நூலகத்தின் செட்பிராசஸ்டிபிஐஅவேர்னஸ் கட்டளையை 1 என்ற மதிப்போடு அழைத்தால் இது தீரும். விண்டோ திறந்த பிறகு அழைத்தால் பயனில்லை.

கேன்வாஸின் அகலத்தை வின்ஃபோ_விட்த் கொண்டு கேட்கும்போது 1 என்று பதில் வந்தால் பயப்பட வேண்டாம். விண்டோ இன்னும் திரையில் அமரவில்லை என்று அர்த்தம். அப்டேட்_ஐடில்டாஸ்க்ஸ் ஒருமுறை அழைத்துவிட்டுக் கேளுங்கள்.

மூன்று ஈவென்ட், மூன்று ஃபங்ஷன்

பட்டனை அழுத்துவது, அழுத்தியபடி நகர்த்துவது, விடுவது என மூன்று ஈவென்ட்களை (மவுஸ் நிகழ்வுகளை) உரிய ஃபங்ஷன்களோடு பைண்ட் செய்ய, அதாவது இணைக்க வேண்டும். டிகேயில் இவற்றின் பெயர்கள் பட்டன்பிரஸ்-1, பி1-மோஷன், பட்டன்ரிலீஸ்-1. ஒவ்வொன்றையும் கோண அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். வெறும் மோஷன் என்று பைண்ட் செய்தால் பட்டனை அழுத்தாமல் மவுஸ் சும்மா நகரும்போதும் ஃபங்ஷன் ஓடும். புள்ளி பிடிக்க பி1-மோஷன்தான் சரி.

மூன்று ஃபங்ஷன்களின் எலும்புக்கூடு இது:

தொடங்கு (ஈவென்ட்)
    நடப்பு = வெற்று லிஸ்ட்
    ஈவென்ட்டின் புள்ளியை நடப்பில் சேர்

தொடர் (ஈவென்ட்)
    நடப்பு இல்லை என்றால் திரும்பு
    முந்தையது = நடப்பின் கடைசிப் புள்ளி
    ஈவென்ட்டின் புள்ளியை நடப்பில் சேர்
    முந்தையதிலிருந்து புதியதுவரை ஒரு துண்டுக் கோடு, "தற்காலிகம்" என்ற டேக்கோடு

முடி (ஈவென்ட்)
    நடப்பு இல்லை என்றால் திரும்பு
    விட்ட இடம் கடைசிப் புள்ளியிலிருந்து வேறானால் அதையும் சேர்
    "தற்காலிகம்" டேக் உள்ள துண்டுகளை அழி
    நடப்பு முழுவதையும் ஒரே உருப்படியாக வரை
    இழுப்புகள் லிஸ்டில் நடப்பைச் சேர்
    நடப்பு = இல்லை

பட்டனை அழுத்தியது முதல் விட்டது வரை உள்ளது ஒரு இழுப்பு. எல்லா இழுப்புகளின் புள்ளிகளையும் ஒரே நீள லிஸ்டில் கொட்டுவதுதான் புதிதாக எழுதுகிறவர்கள் முதலில் செய்வது. அப்படிச் செய்தால் மீண்டும் வரையும்போது ஒரு இழுப்பின் முடிவிலிருந்து அடுத்ததன் தொடக்கத்துக்குக் குறுக்கே ஒரு கோடு ஓடும். ஆகவே லிஸ்டுக்குள் லிஸ்ட். வெளி லிஸ்டில் இழுப்புகள், ஒவ்வொரு இழுப்புக்குள்ளும் புள்ளிகள். கூடவே நிறம், தடிமன், கேன்வாஸ் கொடுத்த உருப்படி எண் ஆகியவற்றையும் அந்த இழுப்போடு வைத்தால், கடைசியாக வரைந்ததை நீக்குவது இரண்டு வரி வேலை: லிஸ்டின் கடைசியை எடுத்துவிடு, அதன் எண்ணைக் கேன்வாஸிலிருந்து அழி.

தொடர், முடி இரண்டிலும் "நடப்பு இல்லை என்றால் திரும்பு" என்ற வரி வீண் எச்சரிக்கை அல்ல. விண்டோஸில் ஃபைல் திறக்கும் பெட்டியில் ஒரு பெயரை இரட்டை கிளிக் செய்தால் பெட்டி மூடிக்கொள்ளும். இரண்டாவது கிளிக்கின் விடுதல், சில சமயம் ஒரு நகர்வும், பெட்டிக்குக் கீழே இருந்த கேன்வாஸில் வந்து விழும். அழுத்தல் வராமலே விடுதல் வந்தால் அந்த வரி இல்லாத நிரல் பிழைச் செய்தியைக் கக்கும்.

அசையாத கிளிக்

அழுத்தி, துளியும் நகர்த்தாமல் விட்டால் நடப்பில் ஒரே ஒரு புள்ளி இருக்கும். கிரியேட்_லைன் கட்டளைக்குக் குறைந்தது இரண்டு புள்ளி, அதாவது நான்கு எண்கள் வேண்டும். ஒரு புள்ளியைக் கொடுத்தால் டிசிஎல் பிழை வரும். அதைத் தவிர்க்க, ஒரு புள்ளி மட்டுமே உள்ள இழுப்புகளைத் தூக்கி எறிந்துவிடுவது பலரும் எடுக்கும் குறுக்கு வழி. தமிழ் எழுதுகிறவர் கையில் இந்தக் குறுக்கு வழி உடனே மாட்டிக்கொள்ளும். க் என்று எழுதி மேலே ஒரு தட்டுத் தட்டினால் அந்தப் புள்ளி காணாமல் போய் க என்றே பதிவாகும். ஃ என்ற எழுத்தோ மூன்று புள்ளிகளும் போய் ஒன்றுமே மிஞ்சாது.

ஒற்றைப் புள்ளியையும் ஒரு இழுப்பாகவே வையுங்கள். வரையும்போது மட்டும் கிரியேட்_ஓவல் கொண்டு, கோட்டின் தடிமனை விட்டமாக வைத்து ஒரு நிரப்பிய வட்டம் போடுங்கள். கோடுகளுக்கு கேப்ஸ்டைல், ஜாயின்ஸ்டைல் இரண்டையும் ரவுண்ட் என்று வைத்தால் வட்டமும் கோட்டின் நுனியும் ஒரே மாதிரி தெரியும். தடிமன் 4 பிக்சலைத் தாண்டினால் இது இன்னும் அவசியம், இல்லையென்றால் துண்டுகள் சேரும் வளைவுகளில் வெள்ளை வெட்டுகள் தெரியும்.

புள்ளிகள் ஏன் தள்ளித் தள்ளி விழுகின்றன

கை மெதுவாகப் போனால் புள்ளிகள் நெருக்கமாக வரும். வேகமாகப் போனால் இடைவெளி விடும், வட்டம் பலகோணமாகும். இது நிரலின் குற்றமல்ல. சாதாரண யுஎஸ்பி மவுஸ் நொடிக்கு 125 முறைதான் தன் நகர்வைத் தெரிவிக்கிறது, அதாவது 8 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. கை நொடிக்கு 1500 பிக்சல் வேகத்தில் போனால் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே 12 பிக்சல் இருக்கும். நொடிக்கு 1000 முறை சொல்லும் கேமிங் மவுஸில் இந்த இடைவெளி சுருங்கும், ஆனால் புரோகிராம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும்.

ஈடுகொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதில்தான் சூட்சுமம். அழுத்தலும் விடுதலும் வரிசையில் காத்திருந்து எப்படியும் வந்து சேரும். நகர்வு அப்படியல்ல. உங்கள் தொடர் ஃபங்ஷன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது மவுஸ் ஐந்து இடம் நகர்ந்தால், அவை ஒன்றாகச் சுருக்கப்பட்டுக் கடைசி இடம் மட்டும் வரும். நடுவில் இருந்த நான்கு புள்ளிகள் போனது போனதுதான். விண்டோஸும் இப்படித்தான் செய்கிறது, டிகேயும் தன் பங்குக்கு நகர்வுகளைச் சுருக்குகிறது. ஆக, தொடர் ஃபங்ஷன் எவ்வளவு மெதுவோ அவ்வளவு புள்ளி இழப்பு.

அதனால் தொடர் ஃபங்ஷனுக்குள் எதைச் செய்யக்கூடாது என்பதே முக்கியம். பிரின்ட் வேண்டாம். பைதானோடு வரும் ஐடில் எடிட்டரின் விண்டோவில் ஒவ்வொரு புள்ளியையும் பிரின்ட் செய்து பார்த்தால் கோடு கரடுமுரடாகும், பிரின்டை எடுத்தால் சரியாகிவிடும். பிழை தேடப் போட்ட வரியே பிழையாக நிற்கும். ஃபைலில் எழுதுவது, படத்தை மறுபடி வரைவது, அப்டேட் அழைப்பது, புள்ளிகளை மென்மையாக்குவது எதுவும் அங்கே வேண்டாம். எல்லாம் முடி ஃபங்ஷனுக்குப் போகட்டும்.

பார்க்க அழகாக இருந்தாலும் மெதுவாக்கும் இன்னொரு வழி உண்டு. முதல் அழுத்தலில் ஒரே கோட்டை உருவாக்கி, ஒவ்வொரு நகர்விலும் கோஆர்ட்ஸ் கட்டளையால் எல்லாப் புள்ளிகளையும் மறுபடி கொடுப்பது. 50 புள்ளிகளுக்கு ஒன்றும் தெரியாது. எல்லையைச் சுற்றி வரும் 2000 புள்ளி இழுப்பில், முதலில் 1, பிறகு 2, பிறகு 3 என்று மொத்தம் 20 லட்சம் புள்ளிகள் பைதானிலிருந்து டிசிஎல் பக்கம் போயிருக்கும். இழுப்பின் முடிவு நெருங்க நெருங்க மவுஸ் இழுபடுவதுபோல் தோன்றினால் காரணம் இதுதான். மேலே உள்ள எலும்புக்கூட்டில் துண்டு துண்டாக வரைந்து, விட்ட பிறகு ஒரே உருப்படியாக மாற்றுவது இதற்காகவே. துண்டுகளை அப்படியே விட்டுவிடவும் கூடாது. ஆயிரக்கணக்கான உருப்படிகள் சேர்ந்தால் ஸ்க்ரோல் செய்வதும் கேன்வாஸை மறுபடி வரைவதும் தள்ளாடும்.

எந்த ஆயத்தொலைவைச் சேமிப்பது

ஈவென்ட் தரும் எக்ஸ், ஒய் இரண்டும் கேன்வாஸ் விட்ஜெட்டின் இடது மேல் மூலையிலிருந்து அளந்தவை. எக்ஸ்_ரூட், ஒய்_ரூட் இரண்டும் திரையின் மூலையிலிருந்து அளந்தவை, வரைவதற்கு அவை வேண்டாம். கேன்வாஸை ஸ்க்ரோல் செய்ய முடியும் என்றால் ஈவென்ட் எண்ணை நேரடியாகச் சேமிப்பது தவறு. 300 பிக்சல் கீழே ஸ்க்ரோல் செய்து வரைந்தால் கோடு 300 பிக்சல் மேலே போய் விழும், பெரும்பாலும் பார்வைக்கே வராத இடத்தில். கேன்வாஸ்எக்ஸ், கேன்வாஸ்ஒய் வழியாக மாற்றிய எண்ணைச் சேமியுங்கள். அவை தசம எண்ணாக வரும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஜூம் இருந்தால் இன்னொரு படி. கேன்வாஸின் ஸ்கேல் கட்டளை ஏற்கெனவே உள்ள உருப்படிகளைத்தான் பெரிதாக்கும். அடுத்து வரும் ஈவென்ட்டுக்கு ஜூம் பற்றி எதுவும் தெரியாது. ஆகவே கேன்வாஸ்எக்ஸ் தந்த எண்ணிலிருந்து மூலத்தின் (ஆயத்தொலைவு 0, 0 இப்போது நிற்கும் இடத்தின்) எக்ஸைக் கழித்து, ஜூம் அளவால் வகுத்துச் சேமிக்க வேண்டும். வரையும்போது திருப்பிப் பெருக்கிக் கூட்ட வேண்டும். 200 சதவீத ஜூமில் வரைந்த கோடு 100 சதவீதத்துக்கு வந்ததும் இருமடங்காக நின்றால் இந்த வகுத்தல் விட்டுப்போயிருக்கிறது.

ஒய் அச்சு கீழ்நோக்கி வளர்வதும் நினைவில் இருக்கட்டும். பள்ளிக் கணக்கு வரைபடத்தாளில் உள்ளதுபோல் வேண்டுமானால் உயரத்திலிருந்து ஒய்யைக் கழியுங்கள். ஆனால் அதை வெளியே அனுப்பும்போது மட்டும் செய்யுங்கள். உள்ளே பாதி புள்ளி ஒருபக்கம், பாதி தலைகீழ் என்று கலந்துவிட்டால் பிரிப்பது கடினம்.

இழுத்துக்கொண்டே கேன்வாஸுக்கு வெளியே போய்விட்டால்? அழுத்திய பட்டனை விடும்வரை ஈவென்ட்கள் அதே கேன்வாஸுக்குத்தான் வந்துகொண்டிருக்கும். எக்ஸ் மைனஸ் 40 என்றோ, அகலத்தைவிடப் பெரியதாகவோ வரும். இது பிழையல்ல, வசதிதான். வெளியே போய்த் திரும்பி வந்தாலும் இழுப்பு அறுபடாது. அந்தப் புள்ளிகளை என்ன செய்வது என்பது வேலையைப் பொறுத்தது. எல்லை வரைவதானால் 0 முதல் அகலம் கழித்தல் 1 வரை என்று வெட்டி ஓரத்தோடு ஒட்டவிடலாம். கையெழுத்தில் அப்படி ஒட்டவிட்டால் ஓரத்தில் இல்லாத ஒரு நேர்கோடு முளைக்கும், அதற்கு வெட்டாமல் வைப்பதே மேல். லீவ் ஈவென்ட்டைப் பிடித்து இழுப்பை முடித்துவிடும் யோசனை மட்டும் வேண்டாம்.

எதிர்பாராமல் முட்டும் பைண்டிங்குகள்

நிலைப்பட்டியில் மவுஸ் இருக்கும் இடத்தைக் காட்ட மோஷன் ஈவென்ட்டைப் பைண்ட் செய்திருப்பீர்கள். வரையத் தொடங்கியதும் அந்த எண் அப்படியே உறைந்து நிற்கும், விட்டதும் மறுபடி ஓடும். ஒரே விட்ஜெட்டில் ஒரு ஈவென்ட்டுக்குப் பல பைண்டிங் பொருந்தினால் டிகே மிகக் குறிப்பானதை மட்டுமே இயக்கும். பட்டன் அழுத்தத்தில் இருக்கும்போது பி1-மோஷன்தான் குறிப்பானது, மோஷன் ஒதுங்கிக்கொள்ளும். பைண்ட் கட்டளையில் பிளஸ் குறி சேர்ப்பது இங்கே உதவாது. அது ஒரே பெயருக்கு இரண்டாவது ஃபங்ஷனைச் சேர்க்க உள்ளது. தொடர் ஃபங்ஷனுக்குள்ளிருந்தே நிலைப்பட்டியையும் மாற்றுங்கள்.

இதே விதியால் வரும் இன்னொரு தொல்லை இரட்டை கிளிக். வடிவத்தை மூடுவதற்கென்று டபுள்-பட்டன்-1 ஐ அதே கேன்வாஸில் பைண்ட் செய்தால், கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விரைவாக அடுத்தடுத்துப் போடும் சிறு இழுப்புகளில் இரண்டாவது அழுத்தல் தொடங்கு ஃபங்ஷனுக்கு வராது. ஃ எழுதுகிறவர் புள்ளிகளை மிக நெருக்கமாக வைத்தால் இரண்டாவது புள்ளி விழாமல் போகக்கூடும். வடிவத்தை மூட என்டர் விசையையோ வலது பட்டனையோ வையுங்கள். வலது பட்டன் விண்டோஸிலும் லினக்ஸிலும் எண் 3. டிகே 8.6 உள்ள மேக்கில் அது எண் 2. இரண்டையும் பைண்ட் செய்துவிட்டால் கேள்வியே இல்லை.

வரையும் நடுவில் ஆல்ட்-டேப் அடித்து வேறு விண்டோவுக்குப் போனாலோ, ஒரு எச்சரிக்கைப் பெட்டி முன்னால் குதித்தாலோ விடுதல் ஈவென்ட் வராமல் போகலாம். திரும்பி வந்து புதிதாக அழுத்தும்போது தொடங்கு ஃபங்ஷன் நடப்பை வெறுமையாக்கிவிடும், பழைய இழுப்பு பதிவாகாமலே போய்விடும். தொடங்கு ஃபங்ஷனின் முதல் வேலையாக, நடப்பு இன்னும் திறந்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை முறையாக முடித்துவிட்டுத் தொடங்குங்கள். மோஷன் ஈவென்ட்டின் ஸ்டேட் எண்ணில் 256 என்ற பிட் இருக்கிறதா என்று பார்த்தாலும் இடது பட்டன் உண்மையில் அழுத்தத்தில் உள்ளதா என்பது தெரியும்.

நேரத்தையும் சேர்த்துப் பிடிக்க

கையெழுத்து, கையொப்பம் போன்றவற்றில் எவ்வளவு வேகமாக வரைந்தார் என்பதும் ஒரு தகவல். ஈவென்ட்டிலேயே டைம் என்ற மில்லிசெகண்ட் எண் இருக்கிறது. ஆனால் விண்டோஸில் அது 10 முதல் 16 மில்லிசெகண்ட் படிகளில் நகரக்கூடும். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு ஒரே நேரம் விழுந்தால் வேகக் கணக்கில் பூஜ்யத்தால் வகுக்க நேரும். தொடர் ஃபங்ஷனின் முதல் வரியிலேயே டைம் மாட்யூலின் பெர்ஃப்_கவுன்டரை எடுத்து, இழுப்பு தொடங்கிய நேரத்தைக் கழித்து வையுங்கள். டைம்.டைம் வேண்டாம், கணினிக் கடிகாரத்தை யாராவது திருத்தினால் அது பின்னோக்கியும் ஓடும்.

புள்ளிகளைக் குறைப்பது

மெதுவாக வரையும்போது ஒரே இடத்தைச் சுற்றி 1 பிக்சல் நடுக்கத்தோடு புள்ளிகள் குவியும். கடைசிப் புள்ளியிலிருந்து 2 அல்லது 3 பிக்சலுக்குள் வருவதைச் சேர்க்காமல் விடலாம். இது மலிவான சோதனை என்பதால் தொடர் ஃபங்ஷனுக்குள்ளேயே வைக்கலாம். வர்க்கமூலம்கூட வேண்டாம், எக்ஸ் வித்தியாசத்தின் வர்க்கமும் ஒய் வித்தியாசத்தின் வர்க்கமும் சேர்ந்து 4 ஐவிடச் சிறிதா என்று பார்த்தால் போதும். விட்ட இடத்தை மட்டும் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் கோடு முடிய வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிடும். நேரமும் தேவைப்படும் வேலையில் இந்த வடிகட்டலே வேண்டாம். கை எங்கே தயங்கி நின்றது என்பது அதில் தொலையும்.

முடிந்த இழுப்பைச் சுருக்க ராமர்-டக்ளஸ்-பியூக்கர் முறை போதுமானது. 1972 இல் ராமரும் 1973 இல் டக்ளஸும் பியூக்கரும் தனித்தனியே வெளியிட்டது. முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் நேர்கோட்டால் இணைக்க வேண்டும். அந்தக் கோட்டிலிருந்து மிகவும் விலகி நிற்கும் புள்ளி எது என்று பார்க்க வேண்டும். விலகல் அனுமதித்த அளவுக்குள் இருந்தால் நடுவிலுள்ள எல்லாவற்றையும் எறிந்துவிடலாம். மீறினால் அந்தப் புள்ளியில் இரண்டாக உடைத்து ஒவ்வொரு பாதியிலும் இதையே செய்ய வேண்டும். அனுமதி 1 முதல் 1.5 பிக்சல் என்றால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 5 பிக்சல் வைத்தால் ழ, ண போன்ற எழுத்துகளின் சுழிகள் முக்கோணமாகத் தொடங்கும்.

இதை எழுதும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷனாக எழுதினால் நீண்ட இழுப்பில் பைதானின் 1000 அழைப்பு வரம்பு குறுக்கே வரக்கூடும். தொடக்க, முடிவு எண் ஜோடிகளை ஒரு லிஸ்டில் அடுக்கி லூப்பாக எழுதுவது பாதுகாப்பு. இரண்டு, வட்டத்தைப் போல மூடிய வடிவத்தில் முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் ஒன்றே, அப்போது நேர்கோட்டின் நீளம் 0, வகுத்தல் உடையும். நீளம் 0 என்றால் அந்தப் புள்ளியிலிருந்து நேர் தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

கிரியேட்_லைனில் ஸ்மூத் என்பதை ட்ரூ ஆக்கினால் கோடு வழவழப்பாகத் தெரியும். ஆனால் அந்த வளைவு நடுப் புள்ளிகளின் வழியே போகாது, அவற்றுக்கு அருகில் வெட்டிக்கொண்டு போகும். திரையில் தெரிவதும் ஃபைலில் இருப்பதும் வேறு வேறு ஆகிவிடும். அழகுக்கு வரைவதானால் பரவாயில்லை. அளவெடுக்கும் வேலையில் அதை அணைத்தே வையுங்கள். கூர்மையான மூலை வேண்டிய இடத்தில் அதே புள்ளியை இருமுறை கொடுத்தால் டிகே மூலையை மழுக்காது.

எழுத்தையோ சைகையையோ ஒப்பிட்டு அடையாளம் காண்பதற்குக் குறைப்பதைவிடச் சம இடைவெளியில் மறுபடி பிரிப்பதே தேவை. 2007 இல் வந்த, "ஒரு டாலர்" ($1) என்று பெயரிட்ட சைகை அறியும் முறை ஒவ்வொரு இழுப்பையும் 64 புள்ளிகளாகப் பிரிக்கிறது. மொத்த நீளத்தை 63 ஆல் வகுத்து, அந்தத் தூரம் சேரும்போதெல்லாம் ஒரு புள்ளி. மிதவைப்புள்ளிக் கணக்கின் சிறு பிழையால் சில நேரம் 63 இல் நின்றுவிடும், அப்போது கடைசிப் புள்ளியை நீங்களே சேர்க்க வேண்டும். தமிழ் எழுத்துகளில் இதைச் சோதிக்க நினைப்பவர்களுக்கு எச்பி லேப்ஸ் இந்தியா வெளியிட்ட தனி எழுத்துத் தொகுப்பு உண்டு. 156 வடிவங்கள், இழுப்பு இழுப்பாகப் பதிவானவை. கொம்பும் காலும் தனி வடிவமாக எண்ணப்படுவதால்தான் 247 எழுத்தும் கிரந்தமும் அதற்குள் அடங்குகின்றன.

சேமிப்பதும் கணக்கிடுவதும்

சேமிக்க ஜேசன் என்ற உரை வடிவம் எளிது. மேலே கேன்வாஸின் அகலம், உயரம், பிறகு இழுப்புகளின் லிஸ்ட். அகல உயரம் இல்லாத ஃபைலை வேறு அளவு விண்டோவில் திறக்கும்போது எவ்வளவு பெரிதாக்குவது என்று தெரியாமல் போகும். பெரிதாக்கும்போது இரண்டு அச்சுக்கும் ஒரே எண்ணால் பெருக்குங்கள், இல்லையென்றால் வட்டம் முட்டையாகும். டியூப்பிளாகப் போட்டது ஜேசனிலிருந்து லிஸ்டாகத்தான் திரும்பும், ஒப்பிடும் இடங்களில் கவனம். எக்செலில் திறக்க வேண்டுமானால் சிஎஸ்வி: இழுப்பு எண், புள்ளி எண், எக்ஸ், ஒய், நேரம். விண்டோஸில் அந்த ஃபைலைத் திறக்கும்போது நியூலைன் என்பதற்கு வெற்றுச் சரம் கொடுக்காவிட்டால் வரிக்கு வரி ஒரு காலி வரி விழும். படமாக வேண்டுமானால் திரையைப் பிடிக்காதீர்கள், அதே புள்ளிகளைப் பைதானின் பட நூலகமான பில்லோவின் இமேஜ்டிராவிடம் கொடுத்து வரைந்துகொள்ளுங்கள்.

மூடிய எல்லையின் பரப்பளவுக்கு ஒவ்வொரு புள்ளியின் எக்ஸையும் அடுத்த புள்ளியின் ஒய்யையும் பெருக்கி, அதிலிருந்து அடுத்ததன் எக்ஸ் பெருக்கல் இதன் ஒய்யைக் கழித்து, எல்லாவற்றையும் கூட்டிப் பாதியாக்கி, குறியை நீக்கினால் போதும். கடைசிப் புள்ளிக்கு அடுத்தது முதல் புள்ளி. வருவது சதுர பிக்சல். 300 டிபிஐ ஸ்கேன் என்றால் 90,000 சதுர பிக்சல் ஒரு சதுர அங்குலம், அதாவது 645.16 சதுர மில்லிமீட்டர். கோடு தன்னையே குறுக்காக வெட்டி எட்டு எண்போல் ஆகியிருந்தால் ஒரு பாதி மறுபாதியைத் தின்றுவிட்டு விடை குறைவாக வரும்.

கையால் வரைந்து வரைந்து சோதிப்பதைவிட ஈவென்ட்_ஜெனரேட் கட்டளையால் அழுத்தல், நான்கைந்து நகர்வு, விடுதல் என்று அனுப்பிப் பாருங்கள். அதற்கு முன் ஒருமுறை அப்டேட் அழைத்து விண்டோவைத் திரையில் கொண்டுவந்துவிட வேண்டும். அனுப்பிய புள்ளிகளே லிஸ்டில் இருக்கின்றனவா, ஒற்றைக் கிளிக் ஒரு இழுப்பாக வந்ததா, விடுதல் மட்டும் அனுப்பினால் நிரல் அசையாமல் இருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்தால் போதும்.

கியூட்டியில் செய்கிறவர்களுக்கு

விண்டோ அமைக்கும் இன்னொரு நூலகமான கியூட்டியிலும் அமைப்பு இதேதான், மவுஸ்பிரஸ்ஈவென்ட், மவுஸ்மூவ்ஈவென்ட், மவுஸ்ரிலீஸ்ஈவென்ட் என்று பெயர்கள் மாறும். அங்கே அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று: நகர்வு ஈவென்ட்டில் பட்டன் என்று கேட்டால் எப்போதும் நோபட்டன் என்றே பதில் வரும். பன்மையில் பட்டன்ஸ் என்று கேட்டு இடது பட்டன் அதில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். கியூட்டி 6 இல் பாஸ் கைவிடப்பட்டு பொசிஷன் வந்திருக்கிறது, அது தசம ஆயத்தொலைவு தரும். முழு எண்ணாக வெட்டாமல் அப்படியே சேமியுங்கள். பேனா டேப்லெட்டின் அழுத்தம் வேண்டுமென்றால் கியூட்டிக்குத்தான் போக வேண்டும். அதன் டேப்லெட்ஈவென்ட் 0 முதல் 1 வரை ஓர் எண்ணாக அதைத் தருகிறது. டிகின்டரின் மவுஸ் ஈவென்ட்டில் பேனாவும் வெறும் மவுஸாகவே வந்து சேரும்.